கண்ணுக்கு ஒரு கார்டு, முதுகுக்கு ஒரு கார்டு

ஆஸ்பத்திரியில் கண் பகுதி கீழ்த்தளத்தில் இருந்தது. எலும்புப் பகுதி மாடியில். இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு படிகள். காத்திருந்து காத்திருந்து, வேறு வேலை இல்லாமல் எண்ணி வைத்தேன். என் தம்பியின் நோய்க்கு ஒரு பெயர் கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு வருஷமும் நாங்கள்தான் அந்தப் படிகளில் ஏறினோம், இறங்கினோம். மேலே இருந்த டாக்டர் ஒரு நாளும் கீழே வந்ததில்லை. கீழே இருந்தவர் ஒரு நாளும் மேலே போனதில்லை. இதை எழுத உட்கார்ந்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஐந்து மாதம் உட்கார்ந்தேன். அம்மா இறந்ததும் நின்றுவிட்டேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தம்பிக்கு அப்போது ஏழு வயசு. வீட்டில் சோறு வடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அது நானானேன். அப்பாவும் போன பிறகு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு மசாலாக் கடையில் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். தம்பியை நான்தான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவனைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாடி இறங்கி வந்து, பூட்டினேனா என்று மறுபடி மூன்று மாடி ஏறுவேன். தம்பி ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். காலையில் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பான். அவன் திரும்பி வரும்வரை எனக்குக் கடலைப் பற்றிய பயம். பிறகு எங்கள் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே பாலம் வந்தது. பாலத்தைப் பற்றிய பயம். இப்படிப்பட்ட ஒருத்தி நோயாளியைப் பார்த்துக்கொண்டால் என்னென்ன கெடும் என்பதும் இதில் வரத்தான் செய்யும். கோபத்தை மற்றவர்கள் மேல் மட்டும் காட்டிவிட்டுப் போக என்னால் முடியாது.

பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது தொடங்கியது. தம்பிக்கு இருபத்திரண்டு வயசு. காலையில் எழுந்திருக்கும்போது இடுப்பு மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். பக்கவாட்டில் உருண்டு, கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, தன்னையே தூக்கி நிறுத்துவான். சட்டையை மாட்டக் கால் மணி நேரம். காலுக்குச் சப்பாத்தை நான்தான் மாட்டிவிடுவேன். ஆனால் ஃபெரியில் நின்று, பஸ்ஸில் குலுங்கி, வேலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆனால் இறுக்கம் தளர்ந்துவிடும். மத்தியானம் அவனைப் பார்ப்பவர்களுக்கு அவனுக்கு ஒரு குறையும் தெரியாது. நோயின் தந்திரமே அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கும் தெரியவில்லை.

கம்பெனி கிளினிக் டாக்டர் சூலை என்று மாத்திரை கொடுத்தார். சின்ன பிளாஸ்டிக் பையில் வெள்ளை மாத்திரை. பையின் மேல் 'வலி' என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன மாத்திரை என்று கேட்டால், "சாப்பிடு, சரியாப் போகும்." கூடவே மூன்று நாள் எம்.சி., விடுப்புச் சீட்டு. "படுத்து நல்லா ரெஸ்ட் எடு."

அந்த 'ரெஸ்ட்' என்ற சொல்லை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். அவனைக் கட்டிலை விட்டு அசைய விடவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு ஒன்று, கழுத்துக்கு இரண்டு. எழுந்து நடந்தால் கத்துவேன்.

"அக்கா, நடந்தாத்தான் கொஞ்சம் சுகமா இருக்கு."

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? படுடா."

"படுத்தாதான் வலிக்குதுன்னு சொல்றேன்லா."

"படுன்னா படு."

மூன்று நாள் படுத்து எழுந்தவன் முன்பைவிட மோசமாக நடந்தான். நான் இன்னொரு மூன்று நாள் எம்.சி. வாங்கிவரச் சொன்னேன். அவன் உடம்பு அவனிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அதை என்னிடம் சொன்னான். நான் அவன் வாயை அடைத்தேன். படிக்காத எனக்குப் படித்தவர் சொன்னது வேதம். அதனால் என் கண் முன்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் அவனுக்கு மேலே இருந்த ஃபோர்மேனும் தமிழர்தான். இவன் எம்.சி. முடிந்து போகும் ஒவ்வொரு தடவையும் எல்லார் முன்னிலையிலும் வரவேற்பு நடக்கும்.

"வாங்க எம்.சி. ராஜா. இந்த வாரம் முதுகா, இடுப்பா, இல்ல பின்னால டயரே பஞ்சரா?"

"உங்க வாய்க்கும் ஒரு எம்.சி. வாங்கிட்டு வரவா அண்ணே?" என்று இவன் திருப்பிக் கொடுப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சாயங்காலம் வீட்டில் வந்து இதைச் சொல்லி அவனும் சிரிப்பான். ஆனால் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்துவிடுவான்.

கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்புப் பகுதியில் மஞ்சள் கார்டு போட்டுக் கொடுத்தார்கள். நேரம் எப்போதும் மத்தியானம் இரண்டு மணி. தம்பியின் உடம்பு நன்றாகத் தளர்ந்து, காலையில் பட்ட பாடே பொய் என்று தோன்றும் நேரம் அது. போதாக்குறைக்கு நான் வேறு. டாக்டரிடம் போகிறோமே என்று அவனைச் சுடுதண்ணீரில் குளிக்க வைத்து, முதுகுக்குத் தைலம் தேய்த்து, அந்த வெள்ளை மாத்திரையில் இரண்டைக் கொடுத்து, இஸ்திரி போட்ட சட்டையில் கூட்டிப் போவேன். அழுக்காக, நொண்டிக்கொண்டு போனால் மரியாதை கிடைக்காது என்ற பயம் எனக்கு.

டாக்டர் குனியச் சொன்னார். குனிந்தான். நிமிரச் சொன்னார். நிமிர்ந்தான். முதுகைப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கிற பையன். பாரம் தூக்காதே. ரெஸ்ட் எடு. ஆறு மாசம் கழிச்சு வா."

ஆறு மாதம். போனால் வேறு ஒரு டாக்டர். மறுபடி முதலிலிருந்து. குனி, நிமிர், ரெஸ்ட் எடு. காலையில் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எங்களிடம் நிறைய இருந்தது. கேட்காத இடத்தில் சொல்ல எங்களுக்குத் தெரியாது. அந்தப் பழக்கமும் எங்களுக்கு இல்லை.

இரண்டாம் வருஷம் கண் சிவந்தது. இடது கண். மிளகாய் பட்டது போல் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கையால் மூடிக்கொண்டு வந்து நின்றான். மசாலாக் கடையில் வேலை செய்யும் என் சேலைத் தூசிதான் காரணம் என்று எனக்குள் முடிவு கட்டி அழுதேன். கீழ்த்தளத்துக் கண் பகுதியில் பச்சைக் கார்டு போட்டார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாயிற்று. நாலு மாதம் கழித்து வலது கண். மறுபடி இடது.

கவுண்டரில் முதல் நாளே எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நான் இரண்டு கார்டையும் சேர்த்து நீட்டினேன். உள்ளே இருந்த கிளார்க் மஞ்சள் கார்டை விரலால் தள்ளினான்.

"இது என்னாத்துக்கு? இது கண் கவுண்டர். கண்ணைப் பத்தி மட்டும் பேசு. முதுகுன்னா மேல போ."

அன்றிலிருந்து பச்சைக் கார்டைக் கைப்பையின் ஒரு அறையிலும் மஞ்சள் கார்டை இன்னொரு அறையிலும் வைத்துக்கொண்டேன். தப்பான கார்டை நீட்டிவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே நாலு தடவை எடுத்துப் பார்ப்பேன். ஒரே ஆளின் உடம்பை இரண்டாக வகுத்து, கண்ணை ஒரு பையிலும் முதுகை ஒரு பையிலும் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதை அவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

மூன்றாம் வருஷம் அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நிபோங் திபாலில் பெண். நல்ல குடும்பம், அடக்கமான பெண், தையல் தெரியும். அவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய், பதில் சொல்கிறோம் என்றார்கள். அந்த மாதத்தில் கண் மறுபடி சிவந்தது. கண் பகுதியில் அப்போது புதிதாக ஒரு டாக்டர், வெளிநாட்டுக்காரர். மலாய் வராது, தமிழ் வராது, ஆங்கிலம் மட்டும். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் ஓடாது. அதனால் அங்கே அட்டெண்டனாக இருந்த ஒரு தமிழ் அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த அக்கா யார் என்றால், நிபோங் திபால் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட அத்தை. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனவர்.

டாக்டர் கண்ணை விளக்குப் போட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு ஏதோ கேட்டார். அந்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உடம்புல வேற எங்கயாச்சும் வலி இருக்கான்னு கேக்கறாரு. முதுகு வலி, மூட்டு வலி, காலைல எந்திரிக்கக் கஷ்டம், அந்த மாதிரி."

அதுதான் கேள்வி. முதல் தடவையாக, சரியான கேள்வி. மூன்று வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நாங்கள் காத்திருந்த கேள்வி அது. அதைக் கேட்டவர் கண் டாக்டர். கேட்ட வாய் பெண் வீட்டாரின் வாய்.

தம்பி வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லா ஓடி ஆடிட்டு இருக்கான். கண்ணு மட்டும்தான்."

அந்த அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். அக்கா டாக்டரிடம் திரும்பி, "நோ, டாக்டர்" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"கண்ணுக்கு வந்த இடத்துல முதுகு எதுக்கு? முதுகுக்குத்தான் மேல டாக்டர் இருக்காரே. இது தெரிஞ்சா அவங்க பொண்ணு குடுப்பாங்களா?"

மஞ்சள் கார்டில் போட்டிருந்த அடுத்த தேதிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

பெண் வீட்டார் இரண்டு மாதத்தில் வேறு இடத்தில் முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, காரணம் அவ்வளவுதான். முதுகைப் பற்றிய பேச்சே எழவில்லை. நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ, அது என் பொய்யைக் கேட்காமலே போய்விட்டது. பொய் மட்டும் ஆஸ்பத்திரிப் பைலில் தங்கிவிட்டது.

அதன் பிறகு ஏறக்குறைய மூன்று வருஷம். நோய் இடுப்பிலிருந்து மெல்ல மேலே ஏறியது. நெஞ்சு இறுகி, பெரிதாக மூச்சு விட முடியவில்லை. பிறகு கழுத்து. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்புவான். ஃபோர்க்லிஃப்ட்டைப் பின்னால் எடுக்கும்போது பார்க்க முடியாமல் ஒரு நாள் பெட்டி அடுக்கில் இடித்துவிட்டான். யாருக்கும் அடிபடவில்லை. வண்டியிலிருந்து இறக்கி, வாசலில் ஜாகா வேலையில், காவல்காரனாக, உட்கார வைத்தார்கள். "ராஜாவுக்கு இப்ப சிம்மாசனம் கெடச்சிருச்சுலா" என்றாராம் ஃபோர்மேன். அன்று அவன் அதைச் சிரித்துச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் வேலை. அவன் முதுகுக்கு அதைவிடக் கெட்ட வேலையை யாராலும் தேடிக் கொடுத்திருக்க முடியாது. நான் நிம்மதிப்பட்டேன். உட்கார்ந்த வேலை, நல்லதுதானே என்று.

ஆறாம் வருஷம் கண் மறுபடி சிவந்தபோது, கீழ்த்தளத்தில் ஒரு சீன டாக்டர் பெண் இருந்தாள். சின்ன வயசு, மலாய் பேசினாள். கண் பார்க்கும் கருவியில் ஒரு தாங்கி இருக்கும். அதில் முகவாயை வைத்து, நெற்றியை மேலே இருக்கும் பட்டையில் ஒட்ட வேண்டும். தம்பியால் முகவாயை அதில் வைக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிப் பார்த்தான், மேசையைப் பிடித்துப் பார்த்தான். கழுத்து வளையவில்லை. உடம்பு முழுவதையும் சாய்த்து, எழுந்து நின்றுகொண்டே ஒரு கோணத்தில் முகத்தைக் கொண்டு போனான். அவள் விளக்கை அணைத்தாள்.

"எத்தனை நாளா கழுத்து இப்படி இருக்கு?"

"அது ஒன்றும் இல்லை, அவனுக்குக் கொஞ்சம் பிடிப்பு..." என்று நான் மலாயில் ஆரம்பித்தேன்.

"அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் அவரைத்தானே கேட்டேன்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தம்பி சொன்னான். ஆறு வருஷத்தையும் ஒரே மூச்சில் சொன்னான். காலை இறுக்கம், மத்தியானத் தளர்ச்சி, படுத்தால் வலி, நடந்தால் சுகம். அவள் நடுவில் ஒரு தடவை மட்டும் கேட்டாள்:

"முதுகுக்கு எங்க பார்க்கறீங்க?"

"இங்கதான். மாடில."

"இங்கயா?"

மஞ்சள் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, இரண்டு நம்பர். எழுந்தாள். கண் பகுதியின் பச்சைப் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் படியேறினாள். ஒரு டாக்டர் அந்த இருபத்திரண்டு படிகளில் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

மேலே மஞ்சள் பைலை வாங்கிக்கொண்டு, எலும்புப் பகுதியில் நிற்காமல், அடுத்த வராந்தாவில் இருந்த பொது மருத்துவப் பகுதிக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பெரிய டாக்டர், நரைத்தவர். இருவரும் இரண்டு பைலையும் ஒரே மேசையில் விரித்தார்கள். பெரியவர் தம்பியின் சட்டையைக் கழற்றச் சொன்னார். இடுப்பு எலும்பின் இரு பக்கமும் கட்டை விரலால் அழுத்தினார், தம்பி கத்தினான். மூச்சை இழுக்கச் சொல்லி நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார். பிறகு முதுகை மட்டும் அல்லாமல் இடுப்புக்கூட்டையும் சேர்த்துப் படம் எடுக்க எழுதினார். படம் வருவதற்கு முன்னாலேயே பெயரைச் சொல்லிவிட்டார். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். அதை உச்சரிக்க நான் ஒரு வாரம் பழகினேன்.

பத்து நிமிஷம். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார். முதுகெலும்பில் வரும் அழற்சி இது. வெளியில் இருந்து வந்த கிருமி இல்லை. உடம்பு தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது. வீங்கி வீங்கி ஆறும்போது எலும்போடு எலும்பு ஒட்டிப்போகும். அதே அழற்சி சிலருக்குக் கண்ணிலும் வரும். கண் சிவப்பதும் இடுப்பு இறுகுவதும் இரண்டு நோய் இல்லை. ஒட்டிப்போனதைப் பிரிக்க முடியாது. ஒட்டாமல் மிச்சம் இருப்பதை மருந்தாலும் பயிற்சியாலும் காப்பாற்றப் பார்க்கலாம். படுக்கக் கூடாது. தலையணை கூடாது. உட்கார்ந்தே இருக்கக் கூடாது.

"எல்லா டாக்டரும் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்களே?" என்று நான் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். வெளியே இருந்த நர்ஸ் மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள். "ஆறு வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையா? அவ்வளவு பெரிய படிப்பு படிச்சிட்டு, கீழ இருக்கிற ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியலையா?"

பெரியவர் கோபப்படவில்லை. பச்சைப் பைலைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தினார். அந்த டாக்டர் பெண்ணும் குனிந்து பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டிருக்காங்க" என்றாள் அவள், மெல்ல. "மூணு வருஷத்துக்கு முன்ன. முதுகு வலி இல்லை, மூட்டு வலி இல்லை, காலை இறுக்கம் இல்லைன்னு எழுதியிருக்கு. சொன்னது நோயாளியோட அக்கான்னும் இருக்கு."

ஆங்கிலக் கையெழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. 'நோ' என்ற சொல் மூன்று முறை இருந்ததை மட்டும் என்னால் எழுத்துக் கூட்ட முடிந்தது. தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

இறங்கி வரும்போது படிக்கட்டில் அந்த அட்டெண்டன் அக்காவைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் தங்கச்சி. பெஞ்சுல இருந்து அவன் எந்திரிச்சதப் பாத்தேன்லா. கெழவன் மாதிரி தொடைல கை ஊணி எந்திரிச்சான்."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"நான் எப்படிச் சொல்றது? பொண்ணு வீட்டு ஆளு நானு. நீயே இல்லங்கற. நான் இருக்குதுன்னா, கல்யாணத்தக் கலைச்சவள்னு என்னைத்தானே சொல்லுவாங்க?"

அவரைத் திட்ட வாய் வந்தது. திட்ட என்ன இருக்கிறது? நாங்கள் இரண்டு பெண்களும், வளையம் போல் கைகோத்து, நடக்காத ஒரு கல்யாணத்தைக் காவல் காத்திருக்கிறோம். உள்ளே ஒரு மனுஷனின் முதுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்த வெளிநாட்டு டாக்டரை நான் மன்னிக்கவில்லை. தம்பிக்கு மலாய் நன்றாகத் தெரியும். மலாய் தெரிந்த ஒருவரை வைத்து நேராக அவனிடமே கேட்டிருக்கலாம். 'இல்லை' என்ற பதிலை எழுதிவிட்டு, எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம். மாடியில் ஒரு மஞ்சள் பைல் இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்டிருக்கலாம். எங்களைப் போன்றவர்கள் பொய் சொல்வோம். பயத்தில் சொல்வோம், வெட்கத்தில் சொல்வோம். அது தெரியாத டாக்டர் என்ன டாக்டர்? கேள்வி கேட்டதோடு அவர் வேலை முடிந்தது. என் பொய்யோடு என் வேலை முடிந்தது. மேலே இருந்தவர்களோ கேள்வியே கேட்கவில்லை.

அந்தச் சீன டாக்டர் பெண்ணும் பெரியவரும் அதன் பிறகு தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இளவயசுக்காரர்களுக்குக் கண் திரும்பத் திரும்பச் சிவந்தால் கீழே முதுகைப் பற்றிக் கேட்க வேண்டும். மேலே முதுகு வலி என்று வந்தால் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆம் என்றால் வரிசையில் நிற்க விடாமல் அந்த வாரமே மற்றவரிடம் அனுப்ப வேண்டும்; அதுவும் காலை எட்டு மணிக்கு, மாத்திரை போடாமல். தம்பியின் கம்பெனி கிளினிக்குக்கும் பெரியவர் ஒரு கடிதம் எழுதினார். தம்பிக்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிவரச் சொல்லி, கண் பகுதி, பொது மருத்துவம், கிளினிக் என்று மூன்று இடத்திலும் அதிலேயே எழுதினார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்தார். அவ்வளவுதான் ஏற்பாடு. கருவி வாங்கவில்லை, கட்டடம் கட்டவில்லை. ஒரு கடிதம், ஒரு கொப்பி, கவுண்டரில் ஒட்டிய ஒரு தாள். இவ்வளவு சின்ன காரியமா என்று நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. செய்ய முடியாத பெரிய காரியமாக இருந்திருந்தால் விதி என்று விட்டிருப்பேன்.

அந்தச் சாயங்காலம் வீட்டில் நான் தம்பியிடம் பேச உட்கார்ந்தேன்.

"நான்தான்டா உன்னைக் கெடுத்தேன்."

"நானும் அங்கதான இருந்தேன். எனக்கும் வாய் இருந்துச்சு."

"நான் உன்னைப் பேச விடல."

"விடலதான்" என்றான். பிறகு, "எனக்கும் அந்தப் பொண்ணப் புடிச்சிருந்துச்சு" என்றான்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசியதில்லை. அவனுக்கு என் மேல் கோபம் உண்டு. எப்போதாவது சோற்றுத் தட்டை வைக்கும் சத்தத்தில் தெரியும்.

மறுநாள் தலையணைகளைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். விடிந்தால் அவனை எழுப்பி, தரையில் பாயில் குப்புறப் படுக்க வைப்பேன், கால் மணி நேரம். பிறகு கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க வேண்டும். பிறகு படுக்கையே கூடாது, நடை. ஆறு வருஷம் "படுடா" என்று கத்திய அதே வாய், "எந்திரிடா" என்று கத்தியது. அவன் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னைத் திட்டுவான். எழுத முடியாத திட்டு. திட்டட்டும் என்று நிற்பேன். தொழிற்சாலையில் பெரியவரின் கடிதத்தைக் காட்டிய பிறகு, அவனை நாற்காலியிலிருந்து எடுத்து, சாமான் கணக்குப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதில் நடக்க வேண்டும். மாற்றுவதற்கு நான் நேரில் போய்ச் சண்டை போட வேண்டியிருந்தது. ஃபோர்மேன் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். ராஜா என்று சொல்லவில்லை.

இடுப்பு முழுவதும் ஒட்டிவிட்டது என்று படம் சொன்னது. கழுத்து இன்னும் முழுதாக ஒட்டவில்லை. அதைக் காக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி சொன்னார்கள். குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்க வேண்டும். நல்ல உடம்பு உள்ளவனுக்குப் பின்மண்டையும் சுவரில் படும். இவனுக்குப் படாது. அந்த இடைவெளியை மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்; அது கூடினால் கழுத்து மேலும் ஒட்டுகிறது என்று அர்த்தம். டேப் இருந்தும் நான் விரலால்தான் அளந்தேன். முதல் மாதம் நாலு விரல். அடுத்த மாதம் நாலு. தீபாவளி மாதம் நாலு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கே எத்தனை விரல் இருந்திருக்கும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஒரு வருஷம் ஆனபோது, அடுப்படிச் சுவரோரம் நின்றவன் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே நான் கையைச் செருகினேன்.

"எத்தனை?"

"நாலு."

"உன் விரல் தடிச்சிருச்சுக்கா. மொளகா கட்டிக் கட்டி. மூணாத்தான் இருக்கும், நல்லாப் பாரு."

கையை எடுத்து, முந்தானையில் துடைத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தேன். நாலுதான்.